மொலுஸ்க்: நகர நிலப் பயன்பாட்டைக் கணிக்கும் இலவசச் செருகுநிரல் – ஒரு மதிப்பீடு

நகரத் திட்டமிடல், புவியியல், சுற்றுச்சூழல் பொறியியல் ஆகிய துறைகளில் இப்போது எழுதப்படும் ஆய்வேடுகளின் கடைசி இயலைப் புரட்டினால், '2040இல் இந்நகரம்' என்பது போன்ற தலைப்போடு சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஒரு வரைபடம் அடிக்கடி கண்ணில் படும். அவற்றில் கணிசமானவை கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளுக்குள் இயங்கும் மொலுஸ்க் என்னும் செருகுநிரலில் (மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரலில்) தயாரானவை. இதற்கு விலை இல்லை. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சாதாரண மடிக்கணினியே போதும். ஒரு நகரத்தின் எதிர்காலத்தை இவ்வளவு எளிதாக வரைந்து தரும் கருவியை எந்த வேலைக்கு நம்பலாம், எந்த வேலைக்கு நம்பக் கூடாது என்பதை, சென்னைப் பெருநகரப் பகுதியின் தரவுகளைக் கொண்டு அதைப் பயன்படுத்திவருபவன் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன்.

மொலுஸ்க்கை உருவாக்கியவை ஜப்பானைச் சேர்ந்த ஏசியா ஏர் சர்வே நிறுவனமும் ரஷ்யாவில் தொடங்கப்பட்ட நெக்ஸ்ட்ஜிஐஎஸ் நிறுவனமும் ஆகும். கியூஜிஐஎஸ் 2 காலத்தில் பெயர் பெற்ற இச்செருகுநிரல், 2018இல் கியூஜிஐஎஸ் 3 வெளிவந்த பிறகு பல ஆண்டுகள் புதிய பதிப்பில் இயங்காமல் கிடந்தது. இதற்காகவே பழைய 2.18 பதிப்பைக் கணினியில் தனியாகக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் உண்டு. இப்போது கியூஜிஐஎஸ் 3க்கு ஏற்ற பதிப்பு கிடைப்பதால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

இதன் செயல்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே பகுதியின் இரண்டு வெவ்வேறு ஆண்டுகளுக்கான நிலப் போர்வை வரைபடங்களையும் (எங்கே கட்டடம், எங்கே வயல், எங்கே நீர் என்று காட்டுபவை), சாலையிலிருந்து தூரம், நிலத்தின் சரிவு, ஏற்கெனவே கட்டடங்கள் உள்ள பகுதியிலிருந்து தூரம் போன்ற காரணிகளின் வரைபடங்களையும் நாம் கொடுக்கிறோம். எந்த வகை நிலம் எந்த வகையாக எவ்வளவு மாறியது என்று அது எண்ணிக்கொள்கிறது. எத்தகைய இடங்களில் அந்த மாற்றம் நடந்தது என்று கற்றுக்கொள்கிறது. பிறகு அதே வேகமும் அதே போக்கும் தொடரும் என்று வைத்துக்கொண்டு மூன்றாவது வரைபடத்தை வரைகிறது. 1970இல் வால்டோ டோப்ளர் டெட்ராய்ட் வட்டாரத்தின் மக்கள்தொகை வளர்ச்சியைக் கணினியில் ஓடவிட்டுக் காட்டிய காலத்திலிருந்து இத்துறை வெகுதூரம் வந்திருந்தாலும், நேற்றைய போக்கைக் கற்று நாளைக்கு நீட்டுவது என்ற அடிப்படை பெரும்பாலான கருவிகளில் இன்றும் மாறவில்லை.

செருகுநிரலைத் திறந்தால் உள்ளீடு, தொடர்புச் சோதனை, பரப்பு மாற்றம், மாற்ற வாய்ப்பு மாதிரி, உருவகப்படுத்தல், சரிபார்ப்பு என்று தாவல்கள் (திரையின் தனித்தனிப் பக்கங்கள்) வரிசையாக நிற்கும்; இடமிருந்து வலமாகப் போனால் வேலை முடிந்துவிடும். புதியவர்களை அலையவைப்பது முதல் தாவல்தான். கொடுக்கும் வரைபடங்கள் அனைத்தும் ஒரே ஆயத்தொலை முறையிலும், ஒரே எல்லையிலும், ஒரே பிக்சல் அளவிலும், ஒரே எண்ணிக்கையிலான நிரை நிரல்களோடும் இருந்தாக வேண்டும். 'செக் ஜியோமெட்ரி' பொத்தானை அழுத்தியதும் வடிவியல் பொருந்தவில்லை என்ற செய்தி வந்தால், எந்த வரைபடத்தில் எது பொருந்தவில்லை என்பதை நாமேதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சென்னைக்குரிய யூடிஎம் 44 வடக்கு மண்டலம் என்ற ஆயத்தொலை முறைக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்து, ஒரு லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தை அளவுகோலாக வைத்து, சரிவு வரைபடத்தையும் தூர வரைபடங்களையும் அதன் 30 மீட்டர் பிக்சல்களோடு பொருந்தும்படி முன்கூட்டியே வெட்டி வைத்துக்கொண்டால் இந்த அலைச்சல் இராது. இதைச் செருகுநிரலே செய்து கொடுத்திருக்கலாம் என்ற எண்ணம் ஒவ்வொரு முறையும் எழுகிறது.

என் கணிப்பில் இக்கருவியின் மிகச் சிறந்த பகுதி, பலர் அவசரமாகக் கடந்து போகும் பரப்பு மாற்றத் தாவல்தான். இரண்டு ஆண்டுகளுக்கும் இடையே ஒவ்வொரு வகை நிலமும் எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்ற அட்டவணையும், எது எதுவாக மாறியது என்ற மாற்ற அணியும், மாற்றம் நடந்த இடங்களின் வரைபடமும் சில நொடிகளில் வந்துவிடுகின்றன. இங்கே எதிர்காலம் பற்றிய கற்பனை எதுவும் இல்லை; கொடுத்த தரவுகளின் யோக்கியதை மட்டும் அப்படியே வெளிப்படுகிறது. மாற்ற அணியில் 'கட்டடப் பகுதி' என்னும் நிரையைப் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். பத்தாண்டுகளில் கட்டடப் பகுதியில் ஐந்தில் ஒரு பங்கு வயலாகவும் தரிசாகவும் மாறிவிட்டதாக அணி காட்டினால், சென்னையில் வீடுகளை இடித்து யாரும் உழவுக்குத் திரும்பவில்லை என்பதால், தவறு செயற்கைக்கோள் படத்தை நில வகைகளாக வகைப்படுத்தியதில் இருக்கிறது என்று உடனே அறிந்துகொள்ளலாம். அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு வகைப்படுத்தலுக்குத் திரும்புவதே முறை. ஆனால் அடுத்த தாவலுக்குப் போவதைக் கருவி தடுப்பதில்லை. ஓர் எச்சரிக்கைகூடத் தருவதில்லை.

சென்னை போன்ற ஏரி சூழ்ந்த நகரத்தில் இதன் விளைவு மோசமாக இருக்கும். மேகமில்லாத படம் வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலோர் பிப்ரவரி முதல் மே வரையிலான படங்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த மாதங்களில் ஏரிகளின் நீர்ப்பரப்பு அந்தந்த ஆண்டின் வடகிழக்குப் பருவமழையைப் பொறுத்தது. முதல் வரைபடத்துக்கு 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின்வந்த 2016இன் கோடைப் படத்தையும், இரண்டாவதற்குச் செம்பரம்பாக்கமும் புழலும் ஏறக்குறைய வறண்டு கிடந்த 2019 கோடைப் படத்தையும் ஒருவர் எடுத்துக்கொண்டால், மூன்றே ஆண்டுகளில் நீர்நிலைகள் பெருமளவில் தரிசாக மாறின என்று மொலுஸ்க் கற்றுக்கொள்ளும். அந்த வேகத்தைத் தொடர்ந்து நீட்டிச் செம்பரம்பாக்கம் ஏரியையே இல்லாமல் செய்துவிடும். வறட்சிக்கும் ஆக்கிரமிப்புக்கும் உள்ள வேறுபாடு அந்த அணிக்குத் தெரியாது. ஏரிகளின் எல்லையை வருவாய்த் துறை வரைபடங்களிலிருந்து வரைந்து, நீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 'நீர்நிலை' என்று நிலையாகக் குறித்துவிட்டுத்தான் இக்கருவியைத் தொட வேண்டும். ஆயத்தமாகக் கிடைக்கும் உலக வரைபடங்களைப் பயன்படுத்துவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: ஐரோப்பிய விண்வெளி முகமையின் 10 மீட்டர் நிலப் போர்வை வரைபடங்கள் 2020க்கும் 2021க்கும் வெவ்வேறு வழிமுறைகளில் தயாரிக்கப்பட்டவை என்பதால், அவ்விரண்டையும் கழித்துப் பார்த்துக் கிடைப்பதை நகரத்தின் மாற்றம் என்று சொல்ல இயலாது.

மாற்ற வாய்ப்பு மாதிரித் தாவலில் நரம்பியல் வலை, லாஜிஸ்டிக் பின்னடைவு, சான்று எடை முறை, பல்காரணி மதிப்பீடு என்ற நான்கு வழிகள் தரப்படுகின்றன. பெரும்பாலோர் நரம்பியல் வலையையே அழுத்துகிறார்கள். பயிற்சி நடக்கும்போது பச்சைக் கோடும் சிவப்புக் கோடும் நடுங்கிக்கொண்டே இறங்கும் காட்சி மனநிறைவைத் தருவது உண்மைதான்; ஆனால் எந்தக் காரணி எந்தப் பக்கம் எவ்வளவு இழுத்தது என்பதை அது சொல்வதில்லை. திட்டமிடுபவருக்கு வேண்டியது காரணம் என்றால் லாஜிஸ்டிக் பின்னடைவே மேல். சாலைத் தூரத்தின் கெழு (அக்காரணிக்குரிய எடை எண்) எதிர்மறையாக இருப்பதையும், அது புள்ளியியல் முறையில் பொருட்படுத்தத்தக்கதா என்பதையும் எண்களாகவே பார்த்துவிடலாம். கணிப்பின் துல்லியத்தில் இரண்டுக்கும் இடையே நான் கண்ட வேறுபாடு, தரவைச் சரிசெய்வதால் வரும் முன்னேற்றத்தோடு ஒப்பிட்டால் சிறியது.

உருவகப்படுத்தல் தாவல் செல்லுலார் ஆட்டோமேட்டா என்ற பெயரைத் தாங்கியிருக்கிறது. அம்முறையில் ஒவ்வொரு கட்டமும் தன் அண்டைக் கட்டங்களைப் பார்த்து மாறும்; சிறிய விதிகள் திரும்பத் திரும்ப இயங்கி எதிர்பாராத நகர உருவங்களை உண்டாக்கும். மொலுஸ்க் செய்வது அதைவிட எளிமையானது. எத்தனை பிக்சல்கள் மாற வேண்டும் என்பதை மாற்ற அணி முடிவு செய்கிறது. மாறும் வாய்ப்பு அதிகமுள்ள பிக்சல்களை மேலிருந்து வரிசையாக எடுத்து அந்த எண்ணிக்கையைக் கருவி நிரப்பிவிடுகிறது. அண்டைக் கட்டங்களின் தாக்கம் மாதிரியைப் பயிற்றுவிக்கும்போது நுழைவதோடு சரி. அதனால் இதன் வரைபடங்களில் நகரம் இருக்கும் இடத்தின் விளிம்பிலேயே சீராக வீங்கும். நிலத்தில் நடப்பது அப்படியில்லை. பழைய மாமல்லபுரம் சாலையில் 2000இல் டைடல் பூங்கா வந்த பிறகு, சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று வளர்ச்சி இடையிடையே வயலையும் சதுப்பையும் விட்டுத் தாவிச் சென்றது. அந்தப் பாய்ச்சலை இக்கருவி ஒருபோதும் வரைவதில்லை.

ஒவ்வொரு சுற்றின் நீளமும் முதல் இரண்டு வரைபடங்களுக்கு இடையிலான கால அளவே என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2004, 2014 வரைபடங்களைக் கொடுத்தால் ஒரு சுற்றில் 2024 கிடைக்கும், இரண்டாம் சுற்றில் 2034 கிடைக்கும்; 2030 வேண்டும் என்றால் ஆண்டுகளை வேறு மாதிரி தேர்ந்தெடுத்தாக வேண்டும். பயிற்சிக்கும் கணிப்புக்கும் ஒரே காரணி வரைபடங்களே பயன்படுவது இதைவிடப் பெரிய குறை. வெளிவட்டச் சாலையின் வண்டலூர் – நெமிலிச்சேரிப் பகுதி 2014இல்தான் திறக்கப்பட்டது. அதைச் சாலை வரைபடத்தில் சேர்த்தால், 2004க்கும் 2014க்கும் இடையே இல்லாத சாலையின் அருகில் ஏன் வளர்ச்சி இல்லை என்று மாதிரி குழம்பும். சேர்க்காவிட்டால் அதன் இருபுறமும் இப்போது எழும் கிடங்குகளையும் குடியிருப்புகளையும் கணிக்க வழியில்லை. ஏறத்தாழ 119 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கும், 2023 இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கும் இதே கதிதான்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை எடுத்துக்கொண்டால் இக்குறை இன்னும் கூர்மையாகத் தெரியும். அச்சதுப்பு நிலம் சரிவே இல்லாதது. துரைப்பாக்கம் – பல்லாவரம் சாலை அதன் ஊடாகவே செல்கிறது. வேளச்சேரியும் பெருங்குடியும் மேடவாக்கமும் அதைச் சூழ்ந்து நிற்கின்றன. மாதிரிக்குக் கற்றுக்கொடுத்த அத்தனை இலக்கணங்களின்படியும் சென்னையில் வீடு கட்ட அதைவிடத் தகுதியான இடம் இல்லை. அதனால் எஞ்சியிருக்கும் சதுப்பையும் தயங்காமல் சிவப்பாக்கிவிடும். ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பரப்பு 2022இல் ராம்சர் தலமாக (பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலமாக) அறிவிக்கப்பட்டதை அதற்குத் தெரிவிக்க, 'இங்கே கட்டக் கூடாது' என்று சொல்லும் தனி விலக்கு வரைபடத்துக்கான இடம் இச்செருகுநிரலில் இல்லை. அதையும் ஒரு காரணியாகச் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் கடந்த காலத்தில் சதுப்பு மாறியிருப்பதால் தடையின் வலிமையை மாதிரி அரைகுறையாகவே கற்கும். வரைபடம் வந்த பிறகு அப்பகுதியைக் கையால் மறைத்துவிடுவதும் சரியான தீர்வாகாது, ஏனெனில் அங்கே வர வேண்டிய வளர்ச்சி வேறெங்கே போகும் என்ற முக்கியமான கேள்வி விடையின்றி நின்றுவிடும்.

செயற்கைக்கோளுக்குத் தெரியாத மாற்றங்களும் நம் ஊரில் ஏராளம். வயலை வாங்கி, வரப்பை அழித்து, எல்லைக்கல் நட்டு, மனைகளாகப் பிரித்து விற்றுவிட்ட நிலம், அடுத்த பத்தாண்டுகளுக்குச் சீமைக்கருவேலம் முளைத்த தரிசாகவே படத்தில் விழும். பத்திரப் பதிவில் அது நகரமாகிவிட்டது. மொலுஸ்க்குக்கு அது தரிசு. நகர விரிவின் முதல் அடையாளமே இந்த மனைப் பிரிவுகள்தான் என்பதால், ஊராட்சிப் பகுதிகளில் இக்கருவி சொல்வதை எப்போதும் சில ஆண்டுகள் பின்தங்கிய செய்தியாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

சரிபார்ப்புத் தாவலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகமான ஏமாற்றம் நடப்பது அங்கேதான். கணித்த வரைபடத்தையும் உண்மை வரைபடத்தையும் ஒப்பிட்டு, சரியாகப் பொருந்திய விழுக்காட்டையும், தற்செயலான பொருத்தத்தைக் கழித்துக் கணக்கிடும் கப்பா மதிப்பையும் அது தருகிறது. '90 விழுக்காடு துல்லியம்' என்று அறிக்கைகளில் கொட்டை எழுத்தில் அச்சாவது அந்த எண்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பகுதியில் 1,000 பிக்சல்கள் உள்ளன. பத்தாண்டுகளில் அவற்றில் 80 மட்டுமே கட்டடமாக மாறின. மாதிரியும் சரியாக 80 பிக்சல்கள் மாறும் என்று கணிக்கிறது. ஆனால் அவற்றில் 30 மட்டுமே உண்மையில் மாறிய இடங்களில் விழுகின்றன. தவறவிட்டவை 50, வீணாகக் குறித்தவை 50, ஆக மொத்தப் பிழை 100; துல்லியம் 90 விழுக்காடு. இப்போது எந்தக் கணினியும் இல்லாமல், 'எதுவும் மாறாது' என்று சொல்லிப் பழைய வரைபடத்தையே நீட்டியவரின் துல்லியம் என்ன? 92 விழுக்காடு. மாதிரி சும்மா இருந்தவரிடம் தோற்றுப்போயிருக்கிறது. அறிக்கையிலோ வெற்றி பெற்றதாக எழுதப்படும். நகரத்தில் பெரும்பாலான நிலம் பத்தாண்டுகளில் மாறாமலே இருப்பதால் கப்பாவும் இதே காரணத்தால் உயர்ந்தே நிற்கும்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்மோர் பொன்டியஸ் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். அவரும் பல நாட்டு ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஒப்பீட்டில், எடுத்துக்கொண்ட 13 பயன்பாடுகளில் ஒன்றில் மட்டுமே சரியாகக் கணிக்கப்பட்ட மாற்றம் பிழையைவிட அதிகமாக இருந்தது. மாறிய இடங்களை மட்டும் வைத்துக் கணக்கிடும் அளவீட்டையே பார்க்க வேண்டும் என்பது அவ்வழி வந்தவர்களின் நிலைப்பாடு. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் உண்மையில் மாறியவை 80, வீணாகக் குறித்தவை 50, ஆக 130இல் சரியானவை 30, அதாவது 23 விழுக்காடு. மொலுஸ்க் இதைத் தருவதில்லை என்றாலும், கியூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் கணிப்பானில் (பிக்சல் வரைபடங்களைக் கணக்கிடும் வசதியில்) பழைய வரைபடம், உண்மை வரைபடம், கணித்த வரைபடம் ஆகிய மூன்றையும் வைத்து எளிதாகக் கணக்கிட்டுவிடலாம். அறிக்கைக்குப் பணம் கொடுக்கும் நகராட்சிகளும் ஆய்வேட்டைத் திருத்தும் ஆசிரியர்களும் இந்த எண்ணைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

குறைகளையே அடுக்கிவிட்டதால் இதைத் தள்ளிவிடச் சொல்வதாகக் கருத வேண்டாம். இத்துறையைக் கற்பிக்க இதைவிட நல்ல நுழைவாயிலை நான் பார்க்கவில்லை. இரண்டு வரைபடங்களிலிருந்து மூன்றாவது வரையுள்ள ஒவ்வொரு படியையும் மாணவர் தம் கையாலேயே செய்து பார்க்கலாம். அதிகம் பேசப்படாத இன்னொரு வசதி உறுதிநிலை வரைபடம். மிக அதிகமான முதல் இரண்டு மாற்ற வாய்ப்புகளுக்கும் இடையிலான இடைவெளியை ஒவ்வொரு பிக்சலுக்கும் காட்டும் இவ்வரைபடம், மாதிரி எங்கே துணிந்து பேசுகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடும். எதிர்கால வரைபடத்தை அச்சிடுவோர் பக்கத்திலேயே இதையும் அச்சிட்டால் வாசகர் ஏமாற மாட்டார்.

வேகம் போதுமானது. 1,189 சதுர கிலோமீட்டர் கொண்ட பழைய பெருநகரப் பகுதி 30 மீட்டர் அளவில் ஏறத்தாழ 13 லட்சம் பிக்சல்கள். அதைச் சாதாரணக் கணினி தாங்கும். 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்ட எல்லைக்கு 65 லட்சத்தைத் தாண்டும். பொறுமை இருந்தால் முடியும். 10 மீட்டர் அளவில் அதே பகுதிக்கு ஏறத்தாழ 6 கோடி பிக்சல்கள் வரும் என்பதால் அந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது.

மாற்றுக் கருவிகளில், கீத் கிளார்க்கும் அவருடைய குழுவினரும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதிக்காக உருவாக்கி 1990களில் வெளியிட்ட ஸ்லூத், உண்மையான செல்லுலார் ஆட்டோமேட்டாவாகவே இயங்குகிறது. தன்னிச்சையாக முளைக்கும் குடியிருப்பு, புதிய மையம், விளிம்பு விரிவு, சாலையோர வளர்ச்சி என்ற நான்கு விதிகளும் அதில் உண்டு. விலக்கு வரைபடம் அதன் அடிப்படை உள்ளீடுகளில் ஒன்று. பள்ளிக்கரணைச் சிக்கலுக்கு அதில் விடை இருக்கிறது. ஆனால் சி மொழியில் எழுதப்பட்டு, கட்டளை வரியில் இயங்கி, அளவுதிருத்தத்துக்கு நீண்ட நேரம் எடுக்கும் அக்கருவியைத் தொடக்கநிலை மாணவரிடம் கொடுக்க மனம் வராது. கிளார்க் பல்கலைக்கழகத்தின் டெர்செட், முன்பு விலைக்கு விற்கப்பட்டு இப்போது இலவசமாகிவிட்டது. விண்டோஸ் கணினி வைத்திருப்போர் பார்க்கலாம். பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் கூட்டாட்சிப் பல்கலைக்கழகம் உருவாக்கிய டினாமிகா ஈகோவைத்தான் மொலுஸ்க்கில் பழகியவர்களுக்கு அடுத்த படியாக நான் பரிந்துரைப்பேன். அமேசான் காடழிப்பைக் கணிக்கப் பயன்பட்டுப் புகழ்பெற்ற அக்கருவியில், ஏற்கெனவே உள்ள திட்டுகளை விரிவாக்க ஒன்றும் புதிய திட்டுகளை உருவாக்க ஒன்றுமாக இரண்டு தனிச் செயல்கள் உள்ளன. பழைய மாமல்லபுரம் சாலையின் பாய்ச்சல் வளர்ச்சியை ஓரளவுக்கு அதில் கொண்டுவர முடிகிறது. மாற்ற வேகத்தையும் நாமே திருத்தி, வெவ்வேறு கொள்கைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் பால் வாடெல் தொடங்கிவைத்த அர்பன்சிம் போல, குடும்பங்களும் நிறுவனங்களும் மனை விற்போரும் எடுக்கும் முடிவுகளைத் தனித்தனியாக உருவகப்படுத்தும் கருவிகள் இவை எல்லாவற்றையும் விட ஆழமானவை. அவற்றுக்கு மனை வாரியான தரவும் குடும்ப வாரியான வருமானமும் அண்மைக் கால மக்கள்தொகையும் வேண்டும். தமிழ்நாட்டில் தெரு வாரியான வழிகாட்டி மதிப்பு இணையத்தில் திறந்தே கிடக்கிறது என்றாலும், மக்கள்தொகைக்கு நாம் இன்னும் 2011 கணக்கெடுப்பையே சுமந்துகொண்டிருக்கிறோம். அந்நிலை மாறும் வரை சென்னைக்கு மொலுஸ்க்கில் தரவைச் சோதித்து, டினாமிகாவில் மாற்றுக் கொள்கைகளை ஓடவிட்டுப் பார்ப்பதே நடைமுறைக்கு ஒத்த வழியாக எனக்குத் தெரிகிறது.